பட்டாளத்து லாரியின் பாரம்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம், அந்த லாரியைப் பற்றி யார் கேட்டாலும் சிந்தாமணிக்கு வந்துவிடும். சங்ககிரியிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் ஆட்கள் அதற்கென்றே பஸ் ஏறி வருவார்கள், வந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "பட்டாளத்து லாரி வந்த கதையை நீங்கதான் முழுசாச் சொல்லோணுமாமே அம்மா" என்பார்கள். அவள் ஐந்தாவதோடு நின்றவள். எதை முதலில் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்தினால் தன் பெயர் கெடாது என்பதெல்லாம் அவளுக்குக் குழம்பிவிடும். எடையைச் சொல்லும்போது நூறு கூடினால் ஓரகத்தி கோகிலா சமையல்கட்டிலிருந்து சிரிப்பாள், நூறு குறைந்தால் எடைமேடைக்கார மாதேசு ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே திருத்துவான். அதனால் அவள் எப்போதும் ரயிலில் ஆரம்பிப்பாள், ஏனென்றால் ரயிலில் போகும்போது யாருக்கும் யார் மேலும் பொறாமை இருக்கவில்லை.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிற வண்டி எதுவானாலும், அது ஆண்களை மட்டும் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேரக் கூடாது. வீட்டுப் பெண் ஒருத்தி தலை நிறையப் பூ வைத்து, மடியில் எலுமிச்சம்பழத்தோடு முன்னால் உட்கார்ந்து, மணப்பெண்ணை அழைத்து வருவது போல அதை அழைத்து வரவேண்டும். கொழுந்தன் சென்னியப்பன் வடக்கே ஒரு ராணுவக் கிடங்கில் பழைய லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்தபோது, முறைப்படி போயிருக்க வேண்டியவள் அவன் பெண்டாட்டி கோகிலாதான். ஆனால் கோகிலாவுக்கு பஸ் படியில் கால் வைத்தாலே குமட்டும். கல்யாணத்தன்று காரில் வரும்போதே மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை நனைத்தவள் அவள்.

"அக்கா, நீங்களே போய்ட்டு வந்துருங்கக்கா. உங்க கைராசிக்கு வண்டி நல்லா ஓடும்" என்றாள்.

சிந்தாமணியின் கணவன் நல்லசாமி இருபது வருஷம் லாரி ஓட்டி முதுகு தேய்ந்தவன். அப்படியாகத் தம்பி வாங்க, அண்ணன் ஓட்ட, அண்ணன் பெண்டாட்டி அழைத்துவர என்று மூன்று பேர் ரயிலேறிக் கிளம்பினார்கள்.

லாரி எதற்கென்றால், ஊருக்கு மேற்கே நெடுங்கல் மலை இருந்தது, அதன் மேல் ஒன்பது குக்கிராமங்கள் இருந்தன, அவற்றுக்கு அரிசியும் சிமெண்டும் கழுதை முதுகில்தான் ஏறிக்கொண்டிருந்தன. அந்தப் பாதையில் சாதாரண லாரி ஏறாது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பட்டாளத்து வண்டி ஏறும் என்று சென்னியப்பன் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு குடும்பமும் ஒரே அடுப்பில் சாப்பிட்டதால், அவன் சொன்னது இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்துத்தான்.

கிடங்கில் முந்நூறு லாரிகள் வெயிலில் வரிசையாக நின்றன, எல்லாம் ஒரே பாசிப்பச்சை, எல்லாம் ஒரே மூக்கு. அவர்களுடையதற்கு நம்பருக்கு முன்னால் மேல் நோக்கி ஓர் அம்பு போட்டிருந்தது, கூரையில் ஆள் தலை நீட்டிப் பார்க்க வட்டமாக ஒரு துவாரம் இருந்தது, பின்னால் தார்ப்பாய்க்குள் எதிரெதிராக இரண்டு மரப் பெஞ்சுகள். நல்லசாமி சாவியைத் திருப்பியதும் அது பெரிய மனிதர் சபையில் பேசுவதற்கு முன்னால் செருமுவது போலச் செருமியது. சிந்தாமணி மடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவ்வளவு உயரத்தில் அவள் அதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை.

மூன்று நாள் வந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டோரம் நின்று சலாம் வைத்தார்கள், சுங்கச்சாவடிக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு நேராக நிமிர்ந்து நின்றான், ஒரு போலீஸ்காரர் கையைப் பாதி தூக்கிவிட்டு, உள்ளே பூ வைத்த பொம்பளையைக் கண்டதும் அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டார். கிருஷ்ணகிரி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது கடைக்காரர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஓனரம்மாவுக்கு ஒரு டீ போடப்பா, சர்க்கரை கம்மியா."

சென்னியப்பன் வாயில் பஜ்ஜி இருந்ததால் அவன் திருத்தவில்லை. நல்லசாமி எதையுமே திருத்துகிறவன் இல்லை. சிந்தாமணியும் பேசாமல் டீயை வாங்கிக்கொண்டாள். நாற்பத்தாறு வயதில் அவளை ஒருவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, அந்த டீ தொப்பூர் இறக்கம் வரைக்கும் அவள் நாக்கில் இனித்துக்கொண்டே வந்தது.

தொப்பூர் இறக்கத்தில்தான் நல்லசாமி சொன்னான், "வண்டி தள்ளுதுடா சென்னி. பின்னால யாரோ ஏறி உக்காந்தாப்புல இருக்குது."

சென்னியப்பன் இறங்கித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தான். "வெறும் பெஞ்சுதாண்ணா."

பின்னாளில் மாதேசு விளக்கியபடி, அது வழியில் பார்த்தவர்களுடைய கண். அந்த மாதிரிக் கண் அடுத்த ஊர் வந்ததும் உதிர்ந்துவிடும். உள்ளூர்க்காரர்களுடையதுதான் உதிராது.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் கோகிலா பட்டுச்சேலை கட்டி ஆரத்தித் தட்டோடு நின்றாள். "அக்கா, நீங்க எறங்கி ஓரமா நில்லுங்க, மூணு நாள் ரோட்டுத் தூசி, ஆரத்தி வண்டிக்குத்தான்" என்றாள். சிந்தாமணி இறங்கி ஓரமாக நின்றாள். பூசணிக்காய் உடைந்தது, தேங்காய் உடைந்தது, சாவி கோகிலாவின் கைக்குப் போய்க் கண்ணில் ஒற்றப்பட்டது. தயாராக நின்ற பெயிண்டர் ஏணி போட்டு ஏறி, லாரியின் நெற்றியில் மஞ்சளில் 'கோகிலா' என்று எழுதி, கடைசி எழுத்தின் கீழே ஒரு ரோஜாப்பூவும் வைத்தான். அவன் பூவுக்கு இலை போட்டுக்கொண்டிருக்கும்போதே நாலு சக்கரமும் வாசல் மண்ணில் நாலு விரல் இறங்கின. எல்லோரும் பார்த்தார்கள். மண் இளக்கமாக இருக்கிறது என்றார்கள்.

மறுநாள் எடைமேடையில் ஏற்றியபோது மாதேசு மூன்று தடவை கண்ணாடியைத் துடைத்தான். கிடங்கில் கொடுத்த தாளில் வெறும் வண்டியின் எடை ஐயாயிரத்து இருநூறு கிலோ. மேடை எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் காட்டியது. மாதேசு தானே ஏறி நின்று பார்த்தான், தன்னுடைய எழுபத்திரண்டு சரியாக வந்தது. அந்த நேரம் ஊர்த் தலைவரின் மச்சான் மோட்டார் சைக்கிளில் போனவர், வேகத்தைக் குறைத்து லாரியை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். நம்பர் நாற்பது கிலோ ஏறியது. அவர் போன பிறகும் இறங்கவில்லை.

"கண்ணுங்க" என்றான் மாதேசு. "வேற ஒண்ணுமில்லை."

கண்ணுக்குக் கனம் உண்டு என்பது ஊருக்குத் தெரிந்த விஷயம்தான், அது எத்தனை கிலோ என்பதுதான் அதுவரை தெரியாமல் இருந்தது. பட்டாளத்தில் இருந்த வண்டி, ஏற்றினதை எல்லாம் ஒளிக்காமல் காட்டிப் பழகியிருக்கும் என்றார் ஒருவர். அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை. எல்லோருக்கும் வேறு கவலை இருந்தது. மலையடிவாரத்தில் ஆற்றின் மேல் ஒரு பழைய இரும்புப் பாலம், ஏழு டன்னுக்கு மேல் அது தாங்காது, காவலாளி எடைச்சீட்டைப் பார்க்காமல் சங்கிலியை அவிழ்க்க மாட்டான். இந்தக் கனத்தோடு வெறும் லாரிகூட அந்தப் பக்கம் போக முடியாது.

ஆகவே ஊர் வேலையில் இறங்கியது. முதலில் ஒரு மரியாதை உண்டாயிற்று. லாரியைக் கடந்து போகிறவர்கள் அதைத் திட்டிவிட்டுப் போகவேண்டும். "என்ன சென்னியப்பா, இந்தத் தகரடப்பாவை எவன் உன் தலையில கட்டினான்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். "எல்லாம் என் தலையெழுத்துங்க" என்று சென்னியப்பன் சந்தோஷமாகச் சொல்வான். பால்காரர் தினமும் புதிதாக ஒரு வசவு யோசித்துக்கொண்டு வந்தார். பெண் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார் இது தெரியாமல் "நல்ல வண்டிங்க" என்று சொல்லிவிட, அவர்களை ஊரே முறைத்தது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாக மேடைக்கு வந்து, லாரியை ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். பார்த்ததும் ஏறுகிற நம்பரை மாதேசு கரும்பலகையில் எழுதினான். அப்படிப் பொறாமை வெளிப்பட்டவர்களுக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. அவர்களை முன் சீட்டில் உட்கார வைத்து ஏரிக்கரை வரைக்கும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், அவர்கள் பாரம் இறங்கிவிடும். தலைவரின் மனைவிக்கு மூன்று கிலோதான் வந்தது. அவர் கோபித்துக்கொண்டார்.

"மூணா? மெஷினைச் சரி பண்ணு மாதேசு. ரெண்டு நாளா நான் சோறே திங்கலை."

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் திருமூர்த்திக்கு இருநூற்றுப் பத்து வந்தது. யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது மார்பளவு ஒரு அங்குலம் குறைந்து திருப்பி அனுப்பப்பட்டதைச் சொன்னார். அவரை உட்கார வைத்து ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். அவர் கூரைத் துவாரத்தில் தலையை நீட்டிக்கொண்டே வந்தார். இறங்கியபோது அந்த இருநூற்றுப் பத்தும் இல்லை.

இப்படி நாற்பது நாளில் எல்லாம் கழிந்து, கடைசியில் ஆயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ மட்டும் நின்றது. திருப்பூரில் வேலை பார்க்கிறவர்களை வரவழைத்துப் பார்க்கச் சொன்னார்கள், படுக்கையில் கிடந்தவர்களைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள், அது குறையவில்லை. யாரையெல்லாம் பார்க்கச் சொல்லவில்லை என்று கேட்டால், வாங்கின வீட்டாரை மட்டும்தான். ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த வீட்டுப் பொருள் மேல் கண் கிடையாது என்பது ஊர் வழக்கம், அதை யாரும் சோதிக்க நினைக்கவில்லை.

சிந்தாமணிக்கு அது யாருடையது என்று முதல் நாளே தெரியும். சமையல்கட்டு ஜன்னலில் நின்றால் லாரியின் நெற்றி நேராகத் தெரியும். குழம்பு கொதிக்கும்போது அந்த மஞ்சள் எழுத்துகளைப் பார்த்தால் அவளுக்கு அடிவயிறு எரியும், அந்த நேரம் வாசலில் வண்டியின் அடியில் வில்பட்டைகள் பாரத்தில் கிரீச்சென்று முனகும். அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். ஜன்னலில் பழைய சேலையைத் தொங்கவிட்டாள், காலையில் வெறும் வயிற்றில் வேப்பங்கொழுந்து தின்றாள், தண்ணீர்க் குழாய்க்குப் போக லாரியை விட்டுப் பின்கட்டு வழியாகச் சுற்றிப் போனாள், கோகிலா நல்லவள், கோகிலா நல்லவள் என்று நூற்றியெட்டு தடவை சொன்னாள். நூற்றியெட்டாவது தடவை முடிந்ததும், நல்லவளென்றால் ஏன் மூன்று நாள் குலுங்கி வந்தவளை ஓரமாக நிற்கச் சொன்னாள் என்று தோன்றியது, வாசலில் பட்டைகள் முனகின.

ஒருநாள் இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆயிரத்து முந்நூறுன்னா அதெல்லாம் கண்ணாக்கா?" என்றாள் கோகிலா. "அது வெஷம். அந்தப் பாவி யாருன்னு தெரியட்டும், இந்த வாசப்படியை மிதிக்க விடமாட்டேன். சாமி மேல சத்தியம்."

"மிதிக்க விடலாமா" என்றாள் சிந்தாமணி. வெங்காயம் இருந்ததால் அழுவதற்கு வசதியாக இருந்தது. பிறந்த வீடு அவளுக்கு இல்லை. அண்ணன் விற்றுவிட்டுப் போய்விட்டான், அந்த இடத்தில் இப்போது நூல் கிடங்கு. இந்த வாசப்படியை விட்டால் அவள் மிதிக்க வேறு வாசப்படி எதுவும் பூமியில் கிடையாது.

ஐப்பசி வந்தது. இனியும் லாரி ஏறாவிட்டால் கழுதைக்காரர்களிடமே போய்விடுவோம் என்று மலைக்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள். நானூறு கிலோவாவது ஏற்றிக்கொண்டு போய்வருவோம் என்று சென்னியப்பன் முடிவு செய்தான். முதல் நடைக்கும் அதே வழக்கம்தான், வீட்டுப் பெண் முன்னால் உட்காரவேண்டும்.

"எனக்கு முழங்கால் வலி" என்றாள் சிந்தாமணி.

"ஸ்டூல் போடறேன் அண்ணி."

"தலை சுத்துது."

"காத்துப் பட்டா சரியாப் போயிரும்."

"நான் வேண்டாம் கொழுந்தனாரே, கோகிலாவே..."

"மலையேத்தத்துல அவ கொடலே வெளிய வந்துரும்" என்று சொல்லி நல்லசாமி கையை நீட்டினான்.

காலை எட்டு மணி. ஊரே எடைமேடையைச் சுற்றி நின்றது. நானூறு கிலோ அரிசி ஏறி, பலகையில் ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது நின்றது, ஏழு டன்னுக்கு அறுபது குறைவு. சிந்தாமணி ஸ்டூலில் கால் வைத்தாள், படியில் கால் வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த மாத்திரத்தில் அந்த உயரம் அவளுக்குள் வந்துவிட்டது, வயிற்று எரிச்சல் நின்றுவிட்டது, லாரி பெருமூச்சு விட்டது போல ஒரு முழம் மேலே எழும்பியது.

மாதேசு வாசித்தான். "அஞ்சாயிரத்து அறுநூத்தி அறுபது."

நல்லசாமி, எதையும் திருத்தாதவன், "எறங்கு" என்றான். இறங்கினாள், நெற்றியிலிருந்த மஞ்சள் எழுத்து கண்ணில் பட்டது. ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. "ஏறு" என்றான். ஏறினாள். ஐயாயிரத்து அறுநூற்று அறுபது. வாத்தியார் திருமூர்த்தி அவளுடைய உடம்பு அறுபது கிலோவையும் சேர்த்து மனசுக்குள் கூட்டினார், ஆயிரத்து முந்நூற்று நாற்பது சரியாக வந்தது, தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

கோகிலா ஆரத்தித் தட்டோடு ஓரடி முன்னால் வந்தாள். அவள் வாயைத் திறந்தாள். சத்தியம் செய்த வாய் அது. அதற்குள் சென்னியப்பன் லாரியின் பக்கத்தில் ஓடிவந்து கதவை வெளியிலிருந்து சாத்தினான்.

"அண்ணி, நீங்க எறங்காதீங்க" என்றான். "எறங்கவே எறங்காதீங்க. டேய், மிச்ச மூட்டையையும் ஏத்துங்கடா!"

கோகிலா கணவனைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், ஏறுகிற மூட்டைகளைப் பார்த்தாள். அக்காவை வீட்டை விட்டுத் துரத்தினால் பாரம் வண்டியை விட்டுப் போகாது, அக்காவை உட்கார வைத்தால்தான் போகும் என்று அவளுக்கும் புரிந்தது. "உக்காருங்கக்கா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி, ஆரத்தியை வண்டிக்கும் அக்காவுக்கும் சேர்த்தே சுற்றினாள்.

அதற்குப் பிறகு சிந்தாமணி இல்லாமல் லாரி பாலம் தாண்டியதில்லை. ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. முதல் வாரம் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள், இரண்டாவது வாரம் முகத்துக்கு நேராகக் கிண்டல் செய்தார்கள், மூன்றாவது வாரம் "அக்கா, மேல இருந்து கொஞ்சம் மலைத்தேன் வாங்கியாங்க" என்று பாட்டில் கொடுத்தார்கள். கோகிலா விடியலில் எழுந்து அவளுக்குக் கட்டுச்சோறு கட்டினாள், சீட்டுக்குப் பஞ்சு மெத்தை தைத்தாள், இத்தனையும் ஒரு வார்த்தை பேசாமல் செய்தாள். மலைக்காரர்கள் சிந்தாமணிக்கு முதல் பலாப்பழத்தை வெட்டிக் கொடுத்தார்கள். வளைவுகளில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து அவள் மடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகும்.

ஆனால் மாதேசு வாரம் ஒரு தடவை அவளை இறக்கிவிட்டு வெறும் வண்டியை எடை போடுவான். ஆயிரத்து முந்நூற்று நாற்பது என்று இருந்தது ஆயிரத்து நூறு ஆயிற்று, எழுநூற்று இருபது ஆயிற்று, முந்நூறு ஆயிற்று. தை பிறந்தபோது அவள் இறங்கி நின்றும் நாற்பத்தைந்துதான் ஏறியது.

"அண்ணி, இன்னும் ரெண்டே வாரம்" என்றான் சென்னியப்பன். "அப்பறம் நீங்க வீட்டோட ராணியாட்டம் இருக்கலாம்."

"டாக்டர் எனக்குக் கொமட்டலுக்கு மாத்திரை குடுத்திருக்கார்" என்றாள் கோகிலா, மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்து. "இனி நானே போய் வரேங்கக்கா. நீங்க பாவம், எவ்வளவு நாள்தான் குலுங்குவீங்க."

சிந்தாமணிக்கு வீட்டோடு என்றால் அந்த அடுப்பு, அந்த ஜன்னல். அவள் லாரியின் நெற்றிக்கு முன்னால் போய் நின்று, ரோஜாப்பூவை இலை இலையாகப் பார்த்தாள். ஒன்றும் எரியவில்லை. அந்தப் பெயர் அவளுக்குச் சொந்த ரேஷன் கார்டைப் போலப் பழகிப்போயிருந்தது. ஓரமாக நிற்கச் சொன்னதை நினைத்துப் பார்த்தாள், அதுகூட யாருக்கோ நடந்தது போல இருந்தது. இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"வண்டி இன்னும் உங்க பேருலதானே இருக்குது கொழுந்தனாரே? கோகிலா பேருக்கு மாத்திருங்க. அவ வண்டி, அவ பேருல இருக்கறதுதான் மொறை."

நல்லசாமியின் கை இலையில் நின்றுவிட்டது. கோகிலா அழுதுவிட்டாள். இப்படி ஒரு மனசு எவளுக்கு வரும் என்று ஊர் முழுக்கப் பேச்சாகி, தலைவரின் மனைவி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குச் சிந்தாமணியும் கூடவே போனாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் கோகிலாவின் தோளுக்குப் பின்னால் நின்று, அவள் பத்தாவது வரை படித்த கையெழுத்தை நிதானமாகச் சுழித்துப் போடுவதை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும் கண் கொட்டாமல் பார்த்தாள். தாளை ஊதிக் காயவைத்தபோது கோகிலாவின் முகத்தில் வந்த பளபளப்பையும் பார்த்தாள். பிறகு மெல்ல, அடுப்பில் விறகு பிடிப்பது போல, அடிவயிற்றில் பிடித்துக்கொண்டது.

சாயந்திரம் எடைமேடையில் அவள் இறங்கி நின்றாள். மாதேசு கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"கூட ஆயிரத்து அறுநூத்திப் பத்து" என்றான், யார் முகத்தையும் பார்க்காமல்.

கோகிலா பையிலிருந்து எடுத்த மாத்திரை அட்டையைத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டாள். சென்னியப்பன் வெகுநேரம் தாடையைச் சொறிந்தான்.

"திங்கக்கெழமை காலையில ஆறு மணிக்குக் கெளம்போணும் அண்ணி" என்றான்.

"கெளம்பலாம்" என்றாள் சிந்தாமணி. எடைச்சீட்டை மாதேசிடமிருந்து கேட்டு வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் சொருகி, படியில் கால் வைத்து ஏறி, கதவைத் தானே சாத்திக்கொண்டாள்.